உலக்கை நின்ற கிரகணம்

கண்ணு, நீ கேட்டிருந்ததற்குப் பதிலை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதத்தைத் தலைகீழாகப் புரட்டித் தேடுவாய். உன் அவசரம் எனக்குத் தெரியாதா? பார்த்தேன். கிரகணத்தை முழுசாகப் பார்த்தேன். பிடித்தபடியே நிலா எழும்பியதிலிருந்து, விட்டு வெளுத்தது வரைக்கும் ஆற்றுத் தண்ணீரில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நீயும் சொன்னபடி ரங்கோனில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்பித்தான் பார்த்தேன். ஆபீஸில் வேலை இருந்தது, மறந்துபோனேன் என்று மட்டும் எழுதினாயோ, தெரியும் சேதி. இனி மீதியை நிதானமாகப் படி. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதைக் கேட்க உன்னை விட்டால் ஆள் இல்லை. உன் அப்பாவிடம் சொல்வதும் தறிக்கட்டையிடம் சொல்வதும் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதிலும் இப்போது ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

தீபாவளி கழிந்து வந்த உன் கடிதத்தில் இரண்டு சேதி எழுதியிருந்தாய். ஒன்று, உனக்குப் பெண் பார்த்திருக்கிறது என்பது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து ரங்கோனுக்கு வந்து குடியேறிய குடும்பம், அலமேலு என்று பெயர், நல்ல மாதிரி என்று எழுதியிருந்தாய். அப்பா வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் பெண்வீட்டாரோடு ஆரணிக்கே வந்து கல்யாணம் செய்துகொள்கிறேன், சொல்லாவிட்டால் இங்கேயே முடித்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் உரக்கப் படித்தபோது உன் அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். உன் கடிதம் எது வந்தாலும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு நானே படித்துக்கொள்கிற மாதிரி உரக்கப் படிப்பேன். அவரும் கேட்காத மாதிரி நெய்துகொண்டிருப்பார். அன்றைக்கு அந்த வரியில், இழையை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா ஒரு பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். உன் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்காவது மனிதர் ஒரு பேச்சுப் பேசினார். உனக்கு நினைவிருக்கும், நீயும் கூட வந்தாயே. எல்லாரும் குலம் கோத்திரம் நகை நட்டு என்று பேசி முடித்து வெற்றிலைத் தட்டு வந்த நேரத்தில், அதுவரைக்கும் வாயே திறக்காத உன் அப்பா, "பொண்ணு ஒசரமா, குள்ளமா?" என்று கேட்டார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன், எங்க பொண்ணுக்கு இன்னா கொறச்சல்?" என்று அவர் எழுந்து நிற்க, நான் நடுவில் புகுந்து, "ஐயோ அப்பிடி இல்லிங்க, எங்க வூட்டு மருமவளுக்குக் கூறைப்புடவைய இவரே நெய்வாரு, அகலம் எவ்ளோ வெக்கிறதுன்னு கேக்கிறாரு" என்று சமாதானம் செய்தேன். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். உன் அண்ணி காஞ்சிபுரத்தில் இன்னும் அந்தப் புடவையைத்தான் பொங்கலுக்குக் கட்டுகிறாள். உன் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கும் பஞ்சம் வந்துவிட்டதே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அவர் கோபம் எதனால் என்று உனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். நீ தந்தி வேலைக்குப் போனதால் இல்லை. கப்பல் ஏறியதாலும் இல்லை. நீ கிளம்பிய காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தோம். பட்டு இழை அத்தனையும் வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தோய்ந்து பிரிந்தாக வேண்டும். கடைசி முனையில் கயிற்றை இழுத்துப் பிடித்தவன் நீ. ரயிலுக்குப் போகிற வண்டிக்காரன் தெருமுனையில் வந்து கத்தினான். "பாவு முடியட்டும், அப்பறம் போ" என்றார் உன் அப்பா. அந்த வண்டிக்காரன் யாருக்கு நின்றான்? நீ கயிற்றை முளையில் சுற்றிக் கட்டிவிட்டு என் கையைக்கூடப் பிடிக்காமல் ஓடினாய். வண்டி திரும்பியதோ இல்லையோ, முடிச்சு நழுவிப் பாவு முழுவதும் மண்ணில் படுத்துவிட்டது. நீ கட்டியதை நான் பார்த்தேன். நான்தான் பக்கத்தில் கஞ்சிக் கலயத்தோடு நின்றேன். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் மண்ணில் கிடந்த பாவையும், போய்க்கொண்டிருந்த வண்டியையும்தான். அன்றைக்கு மூடிய வாய். உன் பேரைச் சொல்ல மாட்டார், "அவன்" என்றுகூடச் சொல்ல மாட்டார். நான் எத்தனையோ தரம் முடிச்சுக் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லத் தொடங்கினாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

கடிதத்தில் நீ எழுதிய இரண்டாவது சேதிதான் நிலாவைப் பற்றியது. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் பௌர்ணமியில் கிரகணம் பிடிக்கிறது, ஆரணியிலும் தெரியும், ரங்கோனிலும் தெரியும், கடிகாரம் இரண்டு ஊரிலும் வேறு வேறு மணி காட்டினாலும் நிழல் விழுவது ஒரே நேரத்தில்தான், நீயும் பாரும்மா நானும் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். உங்கள் ஆபீஸ் பெரியவர் கொடுத்த புத்தகத்தில் படித்ததையும் எழுதியிருந்தாய். பாம்பும் இல்லை ஒன்றும் இல்லை, சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவில் பூமி வந்து நிற்கும்போது பூமியின் நிழல்தான் நிலாமேல் விழுகிறது. ஆதியில் இந்தப் பூமி கொதிக்கிற கூழாய்ச் சுழன்றுகொண்டிருந்ததாம். சுழன்ற வேகத்தில் அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து வெளியே போய் நிலாவாயிற்றாம். அது இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டே இருக்கிறதாம். சீமையில் படித்தவர்கள் சிலர் அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றாய். நான் முதலில் சிரித்தேன். கூழிலிருந்து நிலா தெறித்து விழுந்தது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது" என்பதை இரண்டாம் தரம் படித்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த இடத்திலும் தறிச் சத்தம் நின்றது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்க்கிறேன் என்று நான் பாட்டுக்கு முடிவு செய்து வைத்திருந்தேன். தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பஞ்சாங்க ஐயர் தெருவுக்கு வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். கிரகணம் ரோகிணியில் பிடிக்கிறதாம். ரோகிணி யார் நட்சத்திரம்? உன் நட்சத்திரம். ரோகிணிக்காரர்கள் பார்க்கவே கூடாது, நெற்றியில் மந்திரம் எழுதிய ஓலைப் பட்டம் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும், விட்ட பிறகு முழுகிவிட்டுத் தானம் கொடுக்க வேண்டும் என்றார்.  நீயானால் அங்கே நானும் பார்ப்பேன் என்று நம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாய். பார்க்காதே என்று எழுதினால் கப்பல் போய்ச் சேருவதற்குள் கிரகணம் விட்டு அமாவாசையும் வந்துவிடும். வேலூருக்குப் போய்த் தந்தி அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அடித்தால் அது உன் கையிலேயே வந்து விழும், நீ அதைப் படித்துப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிப்பாய். சிரித்தால் சிரிக்கட்டும், தடுத்துவிடலாமே என்று ஒரு மனம். தடுத்துவிட்டால் அந்த ஒரு வேளையும் போச்சே என்று இன்னொரு மனம். நீ போனதிலிருந்து நீயும் நானும் ஒரே பொழுதில் ஒரே பொருளைப் பார்த்தது உண்டா? நீ சாப்பிடுகிறபோது நான் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருப்பேன். நான் உன்னை நினைக்கிறபோது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். இது ஒன்றுதான் வாய்த்தது, இதையும் நானே கெடுப்பதா என்று தந்தியை விட்டுவிட்டேன்.

ஐயரிடம் போய், பிள்ளை ஊரில் இல்லை, அவனுக்கு உண்டான பட்டத்தை எனக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "ஏம்மா, தோஷம் அவனுக்கு. ஓலையை உன் நெத்தியிலே கட்டினா அவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்றார். எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியவில்லை. "சாமி, அவன் என் வயித்துல இருக்க சொல்ல சோறு தின்னது நானா, அவனா? நான் தின்னது அவனுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லியா? அந்த மாதிரி இதுவும் சேரும், நீங்க எழுதுங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாஸ்திரத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. எழுதிக் கொடுத்தார்.

எதிர்வீட்டுக் குப்பம்மாள் விட்டாளா? நான் பட்டமும் கட்டிக்கொண்டு ஆற்றுக்கும் கிளம்புவதைப் பார்த்துத் தெருவே திரும்பும்படி கத்தினாள். "யக்கா, புள்ள நட்சத்திரத்துல புடிக்குது, உள்ள குந்திகினு சாமிய கும்புடாம, நீ இன்னா வேடிக்கை பாக்கக் கெளம்பிகினு இருக்கிற? நெத்தியில ஓலை, கண்ணு மேல, நல்லாருக்குதா இது?" என்றாள். "அவன் அங்க பாத்துகினு இருப்பான்டி. நான் பாக்காம உட்டா அவன் தனியா இல்ல பாக்கணும்" என்றேன். அவள் தன் வீட்டு முற்றத்தில் பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தப் போய்விட்டாள். அவள் வீட்டு உலக்கை வைத்தால் வைத்தபடி நிற்கும். கிரகணம் பிடித்திருக்கிற வரைக்கும் நின்று, விட்டதும் விழும். நம் வீட்டு உலக்கைதான் உனக்குத் தெரியுமே, அடிப்பூண் ஒரு பக்கம் தேய்ந்துபோனது, எந்தக் கிரகணத்துக்கும் நின்றது கிடையாது. சின்ன வயசில் நீ அவள் வீட்டுக்கு ஓடிப்போய்த்தான் உலக்கை விழுவதைப் பார்ப்பாய். நான் ஊறுகாய் ஜாடிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் தர்ப்பை போட்டேன். உன் அப்பா ஒரு தர்ப்பையை வாங்கித் தறிமேல் பாதி நெய்திருந்த புடவையில் வைத்தார். ஆற்றுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "காலு வலிக்குது. நீ போய்ட்டு ஜல்தி வா" என்றார். நான் வாசல் தாண்டும்போது, "எப்ப உடுதாம்?" என்று கேட்டார். மனிதருக்குச் சோற்றுக் கவலை என்று நினைத்துக்கொண்டே போனேன்.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஆற்றில் முழங்காலுக்குத் தண்ணீர் ஓடியது. திருவண்ணாமலை தீபம் பார்த்துவிட்டு நடந்தே திரும்பியவர்கள் பாதிப்பேர் அப்படியே ஆற்றில் இறங்கியிருந்தார்கள். கிழக்கே கொஞ்சம் மேகம்.  மேகம் மறைத்துவிட்டால் இத்தனை ரகளையும் வீண் அல்லவா? யாரோ, "தோ, தோ" என்று கத்தினார்கள். பனைமரங்களுக்கு மேலே நிலா வந்தது, வரும்போதே ஒரு பக்கம் கடிபட்ட அப்பமாக. உங்கள் ஊரில் எங்களுக்கு முந்தியே நிலா எழும்பிவிடும் என்று எழுதியிருந்தாயே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறது. உன் தலைமேல் வெள்ளையாய் எழும்பி, உன் கண்ணெதிரில் கடிபடத் தொடங்கி, அப்புறம்தான் எனக்கு முகம் காட்டியது. எப்படி இருக்கிறான், இளைத்திருக்கிறானா, வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று அதைப் பிடித்துவைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மந்திரம் சொல்லி முழுகினார்கள். நான் முழுகவில்லை. முழுகுகிற நேரத்துக்குக்கூடக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

கறுப்பு ஏற ஏற, அதன் ஓரம் வளைவாக இருப்பதைப் பார்த்தேன். அந்த வளைவுதான் பூமியின் உருவம் என்று நீ எழுதியிருந்தாய். அப்படியானால் அந்த நிழலில் ஆரணியும் இருக்கிறது, ரங்கோனும் இருக்கிறது. நடுவில் கிடக்கிற கடலும் இருக்கிறது. இங்கே நான் நிற்பதும் அங்கே நீ நிற்பதும் அந்த ஒரே கறுப்பில் எங்கேயோ சேர்ந்து கிடக்கிறது. பிரித்துச் சொல்ல முடியாதபடி சேர்ந்து கிடக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டம் பார்த்தால் பிள்ளை தோஷத்துக்கு அழுகிறாள் என்று நினைக்கும், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நிலா முழுவதும் நிழலுக்குள் போய்ச் செம்பு நிறத்தில் தொங்கியது. மறைந்துபோகும் என்று நினைத்திருந்தேன், மறையவில்லை. சிவந்து, உருண்டையாய், எப்போதையும்விடக் கிட்டே இருக்கிற மாதிரி இருந்தது. நாய்கள்கூடச் சத்தம் போடவில்லை. ஆற்றுத் தண்ணீரும் அந்த நிறத்துக்கு மாறியிருந்தது.

அங்கே நின்றுகொண்டு உன் புத்தகத்துக் கதையை நினைத்தேன். எனக்கு அது நிஜமா பொய்யா தெரியாது. பாம்பு விழுங்குகிறது என்று என் அம்மா சொன்னாள், நானும் உனக்கு அப்படித்தான் சொன்னேன், அதை விடவும் எனக்கு மனம் இல்லை. ஆனால் இந்த மண்ணிலிருந்து பிய்ந்து போனதுதான் அது என்றால், போன இடத்திலிருந்து ஏன் இன்னும் இதையே சுற்றிக்கொண்டிருக்கிறது? விலகிப் போகிறது என்கிறாய், போகட்டும். விலகிப் போகிறவன் இப்படியா பௌர்ணமிக்குப் பௌர்ணமி முகத்தைக் காட்டிக்கொண்டு இருப்பான்? பிய்ந்து போன இடம் பூமியில் எங்கேயாவது பள்ளமாக இருக்குமே, அதில்தான் கடல் நிறைந்திருக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். இருக்கும். அதை நான் புத்தகம் பார்க்காமலே ஒத்துக்கொள்வேன். நீ படுக்கிற இடத்தில் இப்போது நூல் கூடையை வைத்திருக்கிறேன். கூடையை எடுத்துப் பெருக்கிவிட்டு மறுபடி அங்கேயே வைக்கிறேன். வேறு இடம் இல்லாமல் இல்லை, அந்த இடத்தைக் காலியாகப் பார்க்க முடியவில்லை. இத்தனை காலம் கழித்தும் அந்தப் பெரிய பள்ளம் தூரவில்லை என்றால் என்னுடையது எப்படித் தூரும்? உன்னைப் பார்க்க வேண்டும், கண்ணு. நிலாவை அல்ல, உன்னை.

நிழல் ஓரத்திலிருந்து வெள்ளையாய் ஒரு கீற்று வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கழுவி வைத்த தட்டு மாதிரி ஆயிற்று. அதற்கப்புறம்தான் முழுகினேன். பட்டத்தை அவிழ்த்து, எழுத்து அழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆற்றில் விட்டேன். கொஞ்சம் அழிந்துதான் இருந்தது. வியர்வையால் அழிந்ததோ, உன் தோஷத்தை எடுத்துக்கொண்டு அழிந்ததோ, நல்லதையே வைத்துக்கொள்வோம். ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, நம் வீட்டில் சத்தமே இல்லை. கூடத்து விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பித்தளைத் தட்டு. தட்டில் தண்ணீர். அதில் நம் வீட்டு உலக்கை நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூண் தேய்ந்த உலக்கை எப்படி நிற்கும்? விட்டுவிட்ட பிறகும் ஏன் விழவில்லை? கிட்டே போனேன். தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, தூணைச் சுற்றிக் கையை நீட்டி, உன் அப்பா அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?" என்றேன். "உட்டுச்சா?" என்று கேட்டார். "உட்டு வெளுத்து எவ்ளோ நேரம் ஆவுது. ஊரே சோறாக்கிகினு இருக்குது." "நல்லா பாத்தியா? ஓரத்துல ஒட்டிகினு கிட்டிகினு இல்லியே?" "இல்லிங்க. முழுசா உட்டுச்சு. கைய எடுங்க." எடுக்கவில்லை. "நீ ஒரு பக்கம் புடி, அப்பறம் எடுக்கிறேன். இது கீழ உழக் கூடாது, படுக்க வெக்கணும்" என்றார். பிடித்தேன்.  இரண்டு பேருமாகப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி அதைத் தரையில் படுக்க வைத்தோம். "எத்தினி தபா வெச்சாலும் சாயுது. அவன் நட்சத்திரமாச்சே, சாஞ்சா இன்னா ஆவுமோன்னு புடிச்சுகினேன்" என்றார். கேட்டாயா? அவன் என்றார். எனக்கு அழுகையும் வந்தது, வாயும் சும்மா இருக்கவில்லை. "அவன்னா யாருங்க?" என்றேன். "பேஜார் பண்ணாத. சோத்தைப் போடு" என்றார்.

சோறு போட்டால் சாப்பிடக் கை வரவில்லை. விரல்கள் உலக்கையைப் பிடித்தபடியே மடங்கி நின்றுவிட்டன. எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். பிறகு நானே பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இடது கையில் வாங்கித் தின்றார். தின்றுகொண்டே, "அவன் பாத்திருப்பானா?" என்றார். "சொன்னா செய்வான், பாத்திருப்பான்" என்றேன். "பாவை உட்டுட்டு ஓடினவன்தானே." "கட்டிட்டுத்தான் ஓடினான். முடிச்சு நழுவிச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்." இந்தத் தரம் எழுந்து கொல்லைக்குப் போகவில்லை. "மொதல்லேருந்தே அவனுக்கு முடிச்சு சரியா உழாது. நான்தான் போட்டுக் குடுப்பேன்" என்றார். அப்புறம் கை கழுவ எழுந்தவர் திரும்பி நின்று, "நான் உலக்கைய புடிச்சுகினு இருந்ததையெல்லாம் அவனுக்கு எழுதிகினு இருக்காத" என்று கண்டிப்பாகச் சொன்னார். சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேனே ஒழிய, எழுதாமல் இருப்பேனா?

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீ உன் அப்பாவின் பிள்ளை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வாய். மூடு, ஆனால் இரண்டு வேளைச் சோற்றுக்குள் திறந்துவிடு. வருஷக்கணக்கில் மூடிக்கொண்டு, மனசுக்குள் ஒரு உலக்கையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கூட இருக்கிறவளுக்கு உன் முதுகுதான் தெரியும், கை தெரியாது. அந்தப் பெண் என்னைப் போல வாயாடியாக இருந்தால் உன் பாடு நிம்மதி, அவளே பேசவைத்துவிடுவாள். வாய் பேசாதவளாக இருந்தால் நீதான் முதலில் பேச வேண்டும். அவள் அழுதால் ஏன் என்று கேள். அவள் ஒன்றும் இல்லை என்று சொன்னால் மறுபடி கேள். அவள் அம்மாவுக்கும் ஒரு பள்ளம் விழும், அதை மறக்காதே. இவ்வளவுதான் என் புத்தி. மீதியை நீங்களே அடித்துப் பிடித்துக் கற்றுக்கொள்வீர்கள்.

இதற்குள் உன் அப்பா வாய் திறந்தாரா, கல்யாணத்துக்கு என்ன சொன்னார் என்று நீ குதித்துக்கொண்டிருப்பாய். கிரகணம் கழிந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் காத்துக்கொண்டிருந்தேன். வாயை விட்டுக் கேட்டால் மறுபடி மூடிக்கொள்வாரோ என்று பயம், கேட்கவில்லை. கைவீக்கம் வடிந்ததும் உட்கார்ந்து, தர்ப்பை வைத்த அந்தப் புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தார். மறுநாள் காலையில் புடவை வியாபாரியின் ஆள் அடுத்த பாவுக்கு நூலோடு வந்து நின்றான். உன் அப்பா ஒரு நாளும் தறியைச் சும்மா போட்டவர் இல்லை, அது உனக்கே தெரியும். "இப்ப வேணாம், எடுத்துகினு போ" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவன் போன பிறகும் வெறும் தறியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். என் பக்கம் திரும்பாமலே, தறியிடம் பேசுகிற மாதிரி, "அந்தப் பொண்ணு ஒசரமா, குள்ளமா? அவனுக்கு எழுதிக் கேளு" என்றார்.

அதனால் கேட்கிறேன், கண்ணு. அலமேலு உயரமா, குள்ளமா? அடுத்த கப்பலிலேயே எழுது. தறி காலியாக இருக்கிறது.